விடாப்பிடி மனமும் இணையச் சொற்போரும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் உண்டு. திண்ணையிலோ தேநீர்க் கடையிலோ அவரோடு பேசியவர்களுக்குப் பொழுது துணை நின்றது; விளக்கு வைக்கும் நேரமானால் பேச்சு கலைந்து அவரவர் வீடு திரும்பினர். இணையத்தில் அப்படிக் கலைவதற்கு வழியில்லை. நள்ளிரவிலும் அவர் எழுதுகிறார். நாமும் உறக்கம் கெட்டு அதற்கு மறுப்பு எழுதுகிறோம். சான்றைக் காட்டினால் சான்றை ஐயுறுகிறார். நூலைக் காட்டினால் நூலாசிரியரைப் பழிக்கிறார். எதுவும் எடுபடாதபோது பேசுபொருளையே மாற்றிவிடுகிறார்.

இத்தகையவரை எதிர்கொள்வது எப்படி என்பதைப் பலரும் பொறுமை சார்ந்த சிக்கலாகவே கருதுகின்றனர். உளவியலாரோ 60 ஆண்டுகளுக்கும் மேலாக இதனை ஆய்வகத்தில் வைத்து அளந்து வந்திருக்கின்றனர். அவ்வாய்வுகளை ஒருசேர நோக்கினால் ஒரு முடிவு துலங்குகிறது. விடாப்பிடி என்பது சிலருக்கு மட்டும் வாய்த்த பிறவி இயல்பன்று. மனித அறிவு குறிப்பிட்ட சூழலில் இயங்கும் முறை அது. சூழல் மாறும்போது, அதே மனிதர் அதே அறிவைக் கொண்டு உண்மையை நோக்கி வருவதும் உண்டு. எதிராளியை வீழ்த்தும் சொல்லைத் தேடுவதைவிட, அறிவு செவ்வனே இயங்கும் சூழலை அமைப்பதில் நம் ஆற்றலைச் செலவிடுவதே தக்கது.

மூன்று எண்களின் பாடம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் வேசன் என்னும் உளவியலார் 1960இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் அடிக்கல். 29 மாணவர்களிடம் அவர் ஓர் எளிய புதிரை வைத்தார். 2, 4, 6 என்னும் மூன்று எண்கள் அவர் மனத்தில் கொண்டுள்ள ஒரு விதிக்கு உட்பட்டவை. மாணவர் மும்மூன்று எண்களாக எழுதிக் காட்டலாம். அவை விதிக்குப் பொருந்துமா, பொருந்தாவா என்பதை மட்டும் வேசன் சொல்வார். விதி இன்னதென்று உறுதியாகத் தெரிந்த பின்னரே மாணவர் அதைக் கூற வேண்டும்.

இரண்டிரண்டாக ஏறும் இரட்டை எண்கள் என்பதே விதி என்று ஒருவர் எண்ணிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 8, 10, 12 என்று எழுதுகிறார். பொருந்தும் என்கிறார் வேசன். 20, 22, 24 என்று எழுதுகிறார், அதுவும் பொருந்துகிறது. ஒவ்வொரு ‘பொருந்தும்’ என்னும் விடையோடும் அவர் உறுதி வளர்கிறது. முடிவில் விதியை அறிவிக்கிறார், அது தவறு. வேசன் கொண்டிருந்த விதி மிக எளியது: ஏறுவரிசையில் அமைந்த எந்த மூன்று எண்களும் போதும். 29 பேரில் 6 பேர் மட்டுமே இடையில் தவறான விடை கூறாமல் சரியான விதியைக் கண்டனர்.

இங்கே நடந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். 5, 6, 40 என்று ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தால், இரட்டை எண் என்னும் எண்ணம் அந்த நொடியே உடைந்திருக்கும். தம் எண்ணத்தை உடைக்கக்கூடிய அந்தக் கேள்வியைக் கேட்கப் பெரும்பாலோர்க்குத் தோன்றவே இல்லை. தம் எண்ணத்திற்கு இசைவானதையே தேடினர். தேடியது கிடைத்ததும் மெய்யென நம்பினர். இதனை உளவியலார் உறுதிப்பாட்டுச் சாய்வு என்பர். இப்புதிரில் குலப்பெருமை இல்லை, கட்சி இல்லை, கடவுள் இல்லை. தோற்றால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. வெறும் மூன்று எண்களிலேயே மனம் இவ்வளவு சாய்கிறதெனில், ஒருவர் வாழ்நாள் முழுதும் நெஞ்சில் வைத்துப் போற்றிய கொள்கையில் அது எவ்வளவு சாயும்!

சான்று என்ன செய்கிறது?

அந்த வினாவுக்கு 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்டு, லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் விடை கண்டனர். மரண தண்டனையை ஏற்போர் 24 பேர், எதிர்ப்போர் 24 பேர் என மாணவர்களைத் தெரிந்தெடுத்து, அனைவர்க்கும் இரண்டு ஆய்வறிக்கைகளைப் படிக்கக் கொடுத்தனர். கொலைக்குற்றம் அத்தண்டனையால் குறைகிறது என்றது ஓர் அறிக்கை. குறையவில்லை என்றது மற்றொன்று. இரண்டும் இவ்வாய்வுக்கென்றே எழுதப்பட்டவை. மாணவர்கள் தத்தம் கொள்கைக்கு இசைந்த அறிக்கையைச் செம்மையானது என்றும், எதிரான அறிக்கையைக் குறை மலிந்தது என்றும் மதிப்பிட்டனர். ஒரே சான்றுகளைப் படித்து எழுந்த இரு சாராரும், தத்தம் நிலையில் முன்னைவிட உறுதியடைந்துவிட்டதாகத் தாமே தெரிவித்தனர்.

2010இல் பிரெண்டன் நைகன், ஜேசன் ரைஃப்லர் என்னும் அரசியல் ஆய்வாளர் இருவர், திருத்தம் கூறுவதே சிலரிடம் தவறான நம்பிக்கையை வளர்ப்பதாக எழுதினர். அது உலகெங்கும் பரவி, சான்று காட்டுவதே வீண் என்னும் சோர்வைப் பலரிடம் விதைத்தது. அச்சோர்வுக்கு இடமில்லை என்பதைப் பின்வந்த ஆய்வு காட்டியது. தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் ஆகியோர் 10,000க்கும் மேற்பட்டோரிடம் 52 பேசுபொருள்களில் சோதித்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டனர். திருத்தம் எதிர்விளைவைத் தரும் என்பதற்கு அவர்களுக்கு உறுதியான சான்று கிட்டவில்லை. தெளிவான உண்மையைக் காட்டியபோது மக்கள் பெரும்பாலும் அதன் பக்கமே சிறிது நகர்ந்தனர்.

இவ்வாய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மெய்ந்நிலை புலப்படும். சான்று மனத்தை அசைக்கிறது. ஆனால் சிறிது சிறிதாகவே அசைக்கிறது. அச்சிறு அசைவைப் பலர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளத்தான் எவரும் விரும்புவதில்லை. நாம் எதிர்பார்ப்பதோ அந்த ஒப்புதலை, அதுவும் அப்போதே.

முகம் மறைந்த மேடை

இணையம் இந்த இயல்பான சாய்வை மேலும் கூர்மையாக்குகிறது. முதற்காரணம், எழுத்தில் குரல் இல்லாமை. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. சில தொடர்களைப் பங்கேற்றோர் நேர்பொருளிலோ ஏளனத்திலோ மின்னஞ்சல் வழி அனுப்பினர். பெறுவோர் அதைச் சரியாக உணர்ந்துகொள்வர் என 78 விழுக்காடு அளவுக்கு அவர்கள் நம்பினர். உண்மையில் சரியாக உணரப்பட்டது 56 விழுக்காடே. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 விழுக்காடு கிட்டும். எழுதுபவர் தம் குரலைத் தம் மனச்செவியில் கேட்டுக்கொண்டே எழுதுகிறார். படிப்பவர்க்கோ அக்குரல் போய்ச் சேர்வதில்லை. விளையாட்டாகச் சொன்னது வசையாகவும், ஐயத்தோடு கேட்டது குத்தலாகவும் அங்கே சென்று சேர்கின்றன.

இரண்டாவது, சூழலின் தொற்று. பண்பற்ற பதிவுகளை எழுதுவோர் தனியொரு தீயோர் கூட்டம் என்றே நாம் நம்புகிறோம். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஜஸ்டின் செங் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. ஒரு சாராருக்கு எளிய வினாத்தாளும், மறுசாராருக்குக் கடினமான வினாத்தாளும் தந்து மனநிலையை மாற்றினர். பின் ஒரு செய்திக் கட்டுரையைப் படித்துக் கருத்தெழுதச் செய்தனர். நல்ல மனநிலையில், பண்பான முன்கருத்துகளைக் கண்டு எழுதியவர்களிடையே 35 விழுக்காட்டினர் பண்பற்றதை எழுதினர். கெட்ட மனநிலையில், வசைமொழிகளுக்குக் கீழே எழுதியவர்களிடையே அது 68 விழுக்காடாக உயர்ந்தது. மனிதர்கள் ஒத்தவர்களே; மாறியவை இரண்டு: அவர்களின் மனநிலையும், அவர்களுக்கு முன்னிருந்த சொற்களும். ஒரு வசைக்கு நாம் எழுதும் பதில்வசை, அடுத்து வரும் பத்துப் பேருக்கு வாசலில் எழுதி வைத்த வரவேற்பாகிவிடுகிறது.

மூன்றாவது, கூட்டத்தின் பார்வை. நேரில் இருவர் பேசும்போது ஒருவர், “சரி, நான் அப்படி யோசிக்கவில்லை” என்று தணிந்து போகலாம். நூறு பேர் பார்த்திருக்கும் பக்கத்தில் அத்தணிவு தோல்வியாக எண்ணப்படுகிறது. எழுதிய சொல் அழியாமலும் நிற்கிறது. தன்மதிப்பைக் காக்க ஒரே வழி பிடித்த பிடியை விடாமை என்றாகிவிடுகிறது.

நான்கு அட்டைகள்

இதுவரை சொன்னவை மனித அறிவின் குறையைக் காட்டின. அதன் நிறைவைக் காட்டுவதும் வேசனின் மற்றொரு புதிரே. 1966இல் அவர் அதை அறிமுகப்படுத்தினார். தமிழில் அதை இவ்வாறு அமைக்கலாம். மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒருபுறம் எழுத்து, மறுபுறம் எண். நமக்குத் தெரிபவை அ, க, 4, 7. உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டை எண் இருக்கும் என்பது ஒரு கூற்று. அக்கூற்று மெய்யா என்றறிய எந்தெந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்ப வேண்டும்?

‘அ’வையும் 4ஐயும் என்பதே பெரும்பாலோர் விடை. அது தவறு. 4இன் மறுபுறம் உயிரெழுத்து இல்லாவிட்டாலும் கூற்று பொய்யாகாது. திருப்ப வேண்டியவை ‘அ’வும் 7உம். 7இன் மறுபுறம் உயிரெழுத்து இருந்தால் கூற்று அங்கேயே வீழும். இங்கும் மனம் இசைவானதைத் தேடி ஓடி, உடைப்பதை விட்டுவிடுகிறது.

டேவிட் மோஷ்மன், மோலி கைல் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இப்புதிரைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தனர். தனித்திருந்து முயன்றவர்களில் 9 விழுக்காட்டினரே சரியான விடை கண்டனர். ஐந்தாறு பேராகக் கூடி விவாதித்த குழுக்களிலோ 75 விழுக்காடு சரியான விடையை எட்டின. ஒருவர் தன் விடைக்குக் காரணம் கூற, மற்றவர் அதில் ஓட்டை காண, மூன்றாமவர் அவ்வோட்டையைச் சோதிக்க, உண்மை மேலெழுந்தது.

இதனடிப்படையில் பிரெஞ்சு அறிஞர்களான யூகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் ஆகியோர் 2011இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். மனிதனின் பகுத்தறிவு தனியே அமர்ந்து உண்மை காண்பதற்கென வளர்ந்ததன்று. பிறரிடம் காரணம் கூறவும், பிறர் கூறும் காரணத்தை எடைபோடவும் வளர்ந்தது என்பது அவர்கள் கருத்து. தன் காரணத்தைக் கூறும்போது மனம் சோம்பலானது. கைக்குக் கிட்டியதை எடுத்து வைக்கிறது. பிறர் காரணத்தை எடைபோடும்போது அதே மனம் கூர்மையானது. ஆகவே உண்மையை நாடும் எண்ணம் பொதுவாக இருக்குமிடத்தில், மாறுபட்ட கருத்துடையோர் கூடிப் பேசுவதே அறிவு ஒளிரும் இடம். சொற்போரைக் கண்டு ஒதுங்கிவிடுவது தீர்வாகாது என்பதற்கு இதுவே அடிப்படை.

எதிரே நிற்பவர் யார்?

ஆயினும் எல்லாச் சொல்லாடலும் ஒரு தன்மையதன்று. இதைப் பண்டைய நியாய நூலார் நன்கறிந்திருந்தனர். உண்மை காணும் பொருட்டு இருவர் ஆராய்வது வாதம். எவ்வகையிலேனும் வெல்லும் பொருட்டுப் பேசுவது சல்பம். தனக்கென ஒரு நிலையும் நாட்டாமல் பிறர் நிலையை மறுப்பதொன்றையே தொழிலாகக் கொள்வது விதண்டை. இன்றைய இணையத்துக்கும் இம்மூவகைப் பகுப்பு நன்கு பொருந்துகிறது. எதிரே நிற்பவர் எவ்வகையினர் என்று தேர்ந்த பின்னரே பேசத் தொடங்க வேண்டும்.

தேர்வதற்கு மூன்று உரைகற்கள் போதும். தாம் ஏற்கும் நிலை எது என்று அவர் வெளிப்படக் கூறுகிறாரா? நாம் ஒன்றை விளக்கிய பின், அதை ஏற்றோ மறுத்தோ சொல்லிவிட்டு அடுத்ததற்குச் செல்கிறாரா, அல்லது விடையைப் பாராமலே புதுக்கேள்வி எறிகிறாரா? எத்தகைய சான்று கிட்டினால் தம் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று கேட்டால் ஏதேனும் ஒன்றைச் சொல்கிறாரா? மூன்றிலும் தவறுபவரோடு பேசுவது விதண்டை. அவரிடமிருந்து விலகுவதில் இழுக்கில்லை. ஒன்றிலேனும் தேறுபவர் நம் உழைப்புக்கு உரியவர்.

செய்யத்தக்கவை

கருத்து மாற்றம் மெய்யாகவே நிகழும் ஓர் இணையக் களத்தைக் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தனர். ரெடிட் தளத்தில், தம் கருத்தை மாற்றிக் காட்டுமாறு பிறரை அழைப்போர் கூடும் குழு ஒன்று உண்டு. மனம் மாறியவர், மாற்றியவருக்கு டெல்டா என்னும் கிரேக்க எழுத்தை அடையாளமாக வழங்குவார். சென்ஹாவ் டான் முதலியோர் இவ்வுரையாடல்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவுகளில் சில ஒழுங்குகள் வெளிப்பட்டன. எதிராளியின் சொற்களையே திருப்பிச் சொன்னவர்களைவிட, அவர் எண்ணாத புதுச் சொற்களையும் புது நோக்கையும் கொணர்ந்தவர்களே அதிகம் வென்றனர். “இப்படியும் இருக்கலாம்” என்று தணிவாகக் கூறியவை எடுபட்டன. ‘நான்’ என்று தம் கருத்தை எழுதியவர் ஒப்பளவில் எளிதாக மாறினர். ‘நாங்கள்’ என்று எழுதியவர் அவ்வளவாக மாறவில்லை. ஓரளவு மறுமொழிகள் பயன் தந்தன. ஒருவரோடொருவர் ஐந்து சுற்றுக்கு மேல் நீண்டவற்றிலோ வெற்றி ஏறத்தாழ இல்லை. ஐந்து முறை நன்றாகச் சொல்லியும் ஏற்காதவர், ஆறாம் முறை ஏற்பார் என்று நம்புவதற்குச் சான்றில்லை.

அடுத்தது, ‘ஏன்’ என்பதற்கு மாறாக ‘எப்படி’ என்று கேட்பது. யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் ஆகியோர் 2002இல் காட்டியபடி, துணியில் தைக்கும் ஸிப் எப்படி இயங்குகிறது என்பது தமக்கு நன்கு தெரியும் என்றே மக்கள் நம்புகின்றனர். அதன் இயக்கத்தைப் படிப்படியாக எழுதச் சொன்னால், தம் அறிவுக்குத் தாமே தந்த மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கின்றனர். 2013இல் ஃபிலிப் ஃபெர்ன்பாக் முதலியோர் இதையே அரசின் கொள்கைகளில் சோதித்தனர். ஒரு கொள்கையை ஏன் ஆதரிக்கிறீர் என்று கேட்டபோது மனம் மாறவில்லை. அது எப்படிச் செயற்படும் என்று விளக்கச் சொன்னபோது தீவிரம் தணிந்தது. நிலைப்பாடு தணிவது பின்வந்த எல்லா ஆய்விலும் தென்படவில்லை; தமக்குத் தெரிந்தது குறைவு என்னும் உணர்வோ மீண்டும் மீண்டும் காணப்பட்டது. அவ்வுணர்வே உரையாடலுக்கு நல்ல தொடக்கம்.

இதை நம் வீட்டளவில் வைத்துப் பார்ப்போம். உறவினர் கூடிய வாட்சாப் குழுவில், எலுமிச்சைச் சாறு சர்க்கரை நோயை அடியோடு நீக்கும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்னும் செய்தியைப் பெரியப்பா ஒருவர் அனுப்புகிறார் என்று கொள்வோம். “பொய்ச் செய்தியைப் பரப்பாதீங்க பெரியப்பா” என்று தம்பி மகன் அங்கேயே எழுதினால், மருமக்களும் பேரப்பிள்ளைகளும் பார்த்திருக்க அவர் பின்வாங்க இயலாது. மறுநாள் அதேபோல் நான்கு செய்திகள் வரும். மாறாக, “சாப்பாட்டில் கவனமா இருக்கணும்னு நீங்க எப்பவும் சொல்றது சரிதான் பெரியப்பா. ஆனா இந்தச் சாறு உள்ளே போய்ச் சர்க்கரையை எப்படிக் குறைக்குதுன்னு அதில் போட்டிருக்காங்களா? மாத்திரையை நிறுத்தினவங்களுக்கு மூணு மாசச் சர்க்கரை அளவு என்ன வந்துச்சாம்? டாக்டரைக் கேட்காம யாரும் நிறுத்திட வேண்டாம்” என்று எழுதலாம். அதில் மதிப்பு குறையவில்லை; ‘எப்படி’ என்னும் வினா இருக்கிறது; பார்த்திருப்போர் கைக்கொள்ள வேண்டிய உண்மையும் ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது.

பார்த்திருப்போரை மறத்தலாகாது. லெட்டிசியா போடு, எமிலி வ்ராகா ஆகியோர் 2015 முதல் வெளியிட்டு வரும் ஆய்வுகள், சமூக வலைத்தளத்தில் ஒரு தவறு திருத்தப்படுவதைக் கண்டு நிற்போரின் தவறான எண்ணம் குறைவதைக் காட்டுகின்றன. எதிராளி ஒருவர், படிப்பவர் பலர். திருத்தத்தை அப்பலருக்காகவே எழுத வேண்டும்: ஒருமுறை, தெளிவாக, மூலச் சான்றோடு, வசையின்றி.

அதன்பின்னும் பேச வேண்டியிருந்தால் எழுத்தை விட்டுக் குரலுக்கு மாற வேண்டும். 2017இல் ஜூலியானா ஷ்ரோடர், மைக்கேல் கர்டாஸ், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தமக்கு ஒவ்வாத கருத்தை எழுத்தில் படித்தவர்கள் அதைச் சொன்னவரை அறிவும் உணர்வும் குன்றியவராக மதித்தனர். அதே கருத்தைக் குரலில் கேட்டவர்கள் அவ்வளவு தாழ்த்தி மதிக்கவில்லை. குழுவில் நூறு வரி எழுதுவதினும், பெரியப்பாவைக் கைப்பேசியில் அழைத்துப் பத்து நிமிடம் பேசுவது மேல்.

பொறுமையும் குறிப்பான சான்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் தாமஸ் கோஸ்டெல்லோ, கார்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. சதிக்கதைகளை நம்பிய 2,190 பேர், செயற்கை நுண்ணறிவோடு எழுத்தில் உரையாடினர். அது அவரவர் முன்வைத்த காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சலிப்பின்றி விடை கூறியது. நம்பிக்கை ஏறத்தாழ 20 விழுக்காடு தணிந்தது. இரண்டு மாதம் கழித்தும் அத்தணிவு நிலைத்தது. எவ்விதச் சான்றுக்கும் அசையாதவர் எனப் பெயர் பெற்றவர்களே இவர்கள். பொதுப்படையான அறிவுரையை விடுத்து, அவர் எந்தக் காரணத்தால் நம்புகிறாரோ அந்தக் காரணத்துக்கே விடை கூறினால் விடாப்பிடியும் தளரும்.

நமக்கும் உரிய அளவுகோல்

வேசனின் 29 மாணவர்கள் அறிவிலிகள் அல்லர், பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். அவர்களை வழுக்கி வீழ்த்திய சாய்வு நம்மிடமும் உண்டு. நாம் ஒருவரை விடாப்பிடியாளர் என்னும்போது, அவரும் நம்மை அவ்வாறே அழைத்துக்கொண்டிருப்பார். ஆதலின் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் நம்மிடம் கேட்போம்: எந்தச் சான்று கிட்டினால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? அதற்கு விடை இல்லாத வரையில் சொற்போரில் இறங்காதிருப்போம். விடை இருப்பின் இறங்குவோம், தெளிவாகச் சொல்வோம், ஐந்து முறைக்கு மேல் நீட்டாதிருப்போம். எதிராளி தணிந்து வரும்போது அவரை எள்ளாமல் இடம் தருவோம். அறிவு வளர்ந்தது கூடிப் பேசியதால்தான். கூடிப் பேசுவதற்கு உரிய பண்பை இணையத்தில் நிலைநாட்டுவது, எழுதத் தெரிந்த ஒவ்வொருவரின் கடமை.